பைக்குள் ஒரு ஸ்டுடியோ: எதை வைப்பது, எதை விடுவது?

#1 தூக்குப்பை

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மேசை நிறைய சாமான்களை அடுக்கி வைத்துப் பாட்டு பதிவு செய்துகொண்டிருந்தவன் நான். இப்போது வேலை மாறிவிட்டது. மாதத்தில் பாதி நாள் வெளியூர், விடுதி அறை. மேசையை முதுகில் கட்டிக்கொண்டு போக முடியாது. மடிக்கணினி ஒன்று உண்டு, ஆனால் அது அலுவலகத்துடையது. அதில் எதையும் நிறுவ விடமாட்டார்கள்.

கையில் இருப்பவை: யூஎஸ்பி-சி போர்ட் உள்ள ஐபேட், ஓர் ஆண்ட்ராய்டு போன், பாடுவதற்கு ஒரு டைனமிக் மைக், மைக்கையும் கிடாரையும் ஐபேடில் இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ். கிடார் தனிப் பையில் வரும், அதை விடுங்கள். மற்றதெல்லாம் ஒரே தோள்பைக்குள் அடங்க வேண்டும். அறைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் பாட ஆரம்பித்துவிட வேண்டும். இல்லையென்றால் களைப்பில் டிவியைப் போட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதல் முயற்சி படுதோல்வி. எடை குறையட்டும் என்று இன்டர்ஃபேஸ், மைக் எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு, ஐபேடும் வயர்லெஸ் இயர்போனுமாகக் கிளம்பிப் போனேன். ஐபேடின் சொந்த மைக்கிலேயே கிடாரைப் பதிந்தேன். அதைக் கேட்டுக்கொண்டே மேல் குரல் பாடினேன். பாடும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பப் போட்டால் குரல் தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. மூன்று டேக் பாடினேன், மூன்றும் அப்படியே. எனக்குத் தாளம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன்.

பையில் எது கண்டிப்பாக வேண்டும், எது இல்லாமல் சமாளிக்கலாம்? ஆப்பில் உள்ள வாத்தியங்களை வாசிக்கும் மிடி கீபோர்டு தேவையா? பதிந்ததையெல்லாம் சேர்த்துக் கலக்கும் கடைசி மிக்ஸையும் இதிலேயே முடிக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 ஒட்டுக்கேட்பவன்

புளூடூத்தில் மேல் குரலா! சரி, இழை களைகட்டப் போகிறது. ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

#3 பஃபர்64

உங்கள் தாளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. புளூடூத் இயர்போன் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, விரித்துத் தருவதற்குள் 100 முதல் 300 மில்லி வினாடி வரை ஓடிவிடும். நீங்கள் கேட்டது பழைய கிடார். அதோடு ஒட்டித்தான் பாடியிருக்கிறீர்கள். ஐபேட் உங்கள் குரலைத் தன் கடிகாரப்படி பதிந்துகொண்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 667 மில்லி வினாடி, அதில் கால் பங்கு 167. நீங்கள் 200 பின்தங்கினால் கால் தட்டுக்கும் மேலே வழுக்கிவிட்டது. நொண்டாமல் என்ன செய்யும்?

அந்த மூன்று டேக்கையும் அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். குரல் டிராக்கை அப்படியே பிடித்து முன்னால் இழுத்து வையுங்கள், சரியாக உட்கார்ந்துவிடும். ஏனென்றால் தாமதம் முழுக்க ஒரே அளவுதான்.

இங்கேதான் பலரும் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பாடியது எங்கே போய்ப் பதிவாகிறது என்பது ஒன்று. அதைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். பாடும்போதே நம் குரல் நம் காதுக்கு எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பது இன்னொன்று. இதைப் பின்னால் சரிசெய்ய வழியே கிடையாது, அந்தத் தாமதத்தைக் கேட்டுக்கொண்டுதானே வாசித்திருப்பீர்கள். திரையில் டிரம்ஸ் தட்டும்போது இது இன்னும் மோசம். விரல் பட்டு, சத்தம் பிறகு வந்தால் கை தானாகவே தடுமாறும்.

ஒலித் துணுக்குகளை (சாம்பிள்) கருவி கொத்தாகச் சேர்த்துக் கையாளும், அந்தக் கொத்தின் அளவுதான் பஃபர். கணக்கு எளிது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லி வினாடி. 128 என்றால் 2.7. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து பத்துக்குப் பக்கத்தில் வந்தால் போதும். காற்றில் ஒலி ஒரு மில்லி வினாடிக்கு 34 செ.மீ. போகிறது. ஆக 10 மில்லி வினாடி என்பது மூன்றரை மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்துக் கேட்பது மாதிரி. மேடையில் நின்று பாடியவர்களுக்கு அது பழகிய தூரம்தான்.

பாடும்போது இதையும் தவிர்க்க வேண்டுமா? உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டால் மைக் சத்தம் ஐபேடுக்குள் போய் வராமல் நேரே ஹெட்போனுக்கு வரும். ஆப்பில் அந்த டிராக்கின் மானிட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் குரலே இரண்டு இரண்டாகக் கேட்கும்.

#4 சாரல்

நான் எதிர்க்கட்சி. பாட்டு எழுதுவதற்கு இத்தனை வயர் தேவையில்லை.

ஒரு வருடமாக நான் போனில் மட்டுமே டெமோ செய்கிறேன். ஒரு போன், வயர் உள்ள ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் என் ஸ்டுடியோ. போனின் மைக்கை மட்டமாக நினைக்காதீர்கள். அது கெடுவது பெரும்பாலும் மைக்கால் அல்ல, போன் செய்யும் அதிகப்பிரசங்கித்தனத்தால். அழைப்புக்காகச் சத்தத்தை ஏற்றி இறக்குவது, பின்னணி இரைச்சலை வெட்டுவது எல்லாம் பாட்டின் மேலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீட்டிப் பிடித்த ஸ்வரம் மெல்ல மெல்ல மங்கிப் போவதைக் கேட்டிருப்பீர்கள், அது இரைச்சல் என்று நினைத்து போன் செய்த வேலை. பதப்படுத்தாத ஒலியை எடுக்கும் ஆப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆண்ட்ராய்டு 7-லிருந்தே அதற்கு வழி இருக்கிறது, ஆனால் போனும் ஆப்பும் இரண்டும் ஒத்துழைக்க வேண்டும்.

மீதிப் பாதி அறை. விடுதி அறை என்றால் அலமாரியைத் திறந்து, உள்ளே தொங்கும் துணிகளுக்கு முகத்தைக் காட்டிப் பாடுங்கள். மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப', 'ப்ப' வரும் இடத்தில் காற்று நேரே அடிக்காது. தூரம் இருமடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபெல் குறையும், ஆனால் அறையின் எதிரொலி அப்படியேதான் இருக்கும். அதனால் கிட்டே போவதுதான் மலிவான ஒலித்தடுப்பு.

பதிவுக்கு முன் ஏரோபிளேன் மோட் போட மறக்காதீர்கள். நல்ல டேக்கின் கடைசி வரியில் வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்டு வந்த அழைப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் லேசி தொடக்கத்தில் ஐபோனும் கராஜ்பேண்ட் என்ற பதிவு ஆப்பும் கிடாரைப் போனில் செருகும் ஓர் ஐரிக்கும் வைத்துத்தான் பாட்டு செய்துகொண்டிருந்தார். அவருக்குப் போதுமானது நமக்குப் போதாதா?

#5 பஃபர்64

@சாரல், ஐரிக் என்பதும் ஒரு இன்டர்ஃபேஸ்தான் :) வயர் கட்சிக்கு ஒரு ஓட்டு.

#6 சாரல்

அடடா. சரி, அந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

#7 நாலுதடம்

நான் கொஞ்சம் பழைய ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீயாக் கம்பெனி 1979-ல் போர்ட்டாஸ்டுடியோ 144 என்று ஒரு பெட்டி கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தடம். கேசட்டை வழக்கமான வேகத்தைப் போல் இருமடங்கு ஓட்டும், இரண்டு பக்கத்துக்கான இடத்தையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் நான்கு தடமும் தரமும் கிடைத்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் அந்தப் பெட்டியையும் இரண்டு எஸ்எம்57 மைக்கையும் வைத்துப் படுக்கையறையில் டெமோ பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு பதிந்து பார்த்தும் அந்த உணர்வு வரவில்லை என்று கேசட்டில் இருந்ததையே ஆல்பமாக வெளியிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த கேசட்டிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்ற மாஸ்டரிங் செய்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல மாட்டார்கள். சின்னப் பெட்டியில் எடுப்பது சுலபம், அதிலிருந்து வெளியே கொண்டுபோவதில்தான் வேலை. தூக்குப்பை கேட்ட கடைசிக் கேள்விக்கு இதுதான் என் பாதிப் பதில்.

மீதிப் பதில் இது. என்ன வாங்குவது என்பதை அப்புறம் பேசலாம், இந்தப் பையில் என்ன வேலை நடக்காது என்பதை முதலில் தீர்மானியுங்கள். நான் நாலு தடத்தில் வேலை செய்தபோது மூன்றில் பதிவேன், அந்த மூன்றையும் கலந்து நான்காவதில் இறக்குவேன், பிறகு அந்த மூன்றின் மேலேயே புதிதாகப் பதிவேன். கலந்தது கலந்ததுதான். டிரம்ஸ் சத்தம் அதிகமாகிவிட்டது என்று மறுநாள் தோன்றினால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது கராஜ்பேண்டில் 32 தடம் இருக்கிறது, எதையும் எப்போதும் மாற்றலாம். விளைவு? என்னிடம் முடியாத பாட்டு நாற்பது கிடக்கிறது.

நானாக இருந்தால் வெளியூரில் பாட்டின் உருவத்தையும் குரலையும் கிடாரையும் மட்டும் முடிப்பேன். மிக்ஸை வீட்டுக்கு விட்டுவிடுவேன். அப்படி முடிவெடுத்துவிட்டால் பையிலிருந்து பாதிச் சாமான் தானாக வெளியே வந்துவிடும்.

#8 தூக்குப்பை

பஃபர்64, அந்த டேக்குகளை முன்னால் இழுத்துப் பார்த்தேன். அச்சு அசலாக உட்கார்ந்துவிட்டது! போன உயிர் வந்தது.

நாலுதடம் சொன்னது உறைக்கிறது. மிக்ஸ் வீட்டில். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறை இன்டர்ஃபேஸை எடுத்துவந்தேன். புதுத் தொல்லை. ஐபேடில் இருப்பது ஒரே ஒரு போர்ட். இன்டர்ஃபேஸைச் செருகினால் சார்ஜ் ஏற்ற முடியவில்லை. ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் ஒன்று வாங்கி இரண்டையும் அதில் செருகினேன். பாட்டின் நடுவில் 10 சதவீதம் என்று எச்சரிக்கை வந்ததும், பாடிக்கொண்டே கையை நீட்டி சார்ஜரை ஹப்பில் செருகினேன். இன்டர்ஃபேஸ் அப்படியே காணாமல் போய், பதிவு நின்றுவிட்டது. சார்ஜர் செருகியிருக்கும்போதோ கிடார் டிராக்கில் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். கம்பியில் விரல் வைத்தால் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது. ஹப் கெட்டுப்போனதா?

#9 கம்பிப்பித்தன்

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

ஹப் கெடவில்லை. சார்ஜரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் யார் யாருக்கு மின்சாரம் தருவது என்று ஹப்பும் ஐபேடும் மறுபடி பேசி முடிவு செய்துகொள்ளும். அந்த ஒரு கணத்தில் பல ஹப்புகள் தங்களோடு இணைந்த எல்லாவற்றையும் உதறிவிட்டுத் திரும்பச் சேர்க்கும். பார்க்க ஒன்றும் தெரியாது, விளக்குகூட அணையாது. ஆனால் ஆடியோ இன்டர்ஃபேஸ் விட்டுப்போனால் பதிவு நிற்கத்தான் செய்யும். அதனால் சார்ஜரை முதலிலேயே செருகி வைத்துவிட்டு ஆப்பைத் திறங்கள். நடுவில் கை வைக்காதீர்கள்.

முனகலுக்குக் காரணம் சார்ஜர். இரண்டு முள் சார்ஜர்களில் எர்த் கிடையாது. அதிலிருந்து கசியும் கொஞ்சம் மின்சாரம் யூஎஸ்பி வயர் வழியாக இன்டர்ஃபேஸுக்கும் கிடாருக்கும் வந்து சேரும். கம்பியைத் தொட்டதும் நீங்களே எர்த் ஆகிவிடுகிறீர்கள், அதனால்தான் குறைகிறது. சுவர் சார்ஜருக்குப் பதிலாக பவர் பேங்கைச் செருகுங்கள். முனகல் போனால் சந்தேகமே இல்லை. பையில் இடம் குறைவு என்றாலும் பவர் பேங்கை விடாதீர்கள், மைக்குக்கு அடுத்த இடம் அதற்குத்தான் என்பேன்.

மின்சாரம் பற்றி இன்னும் கொஞ்சம். யூஎஸ்பி 2.0 கணக்குப்படி ஒரு கருவி 500 மில்லி ஆம்பியர் வரை கேட்கலாம், 3.0-ல் 900. லைட்னிங் போர்ட் இருந்த பழைய ஐபேட், ஐபோன்களில் அந்தளவு கிடைக்காது. 'இந்தக் கருவிக்கு அதிக மின்சாரம் தேவை' என்று திரையில் வரும், கூடவே சார்ஜ் ஏற்றும் துளை உள்ள அடாப்டர் ஒன்று வேண்டும். உங்களுடையது யூஎஸ்பி-சி என்பதால் தப்பித்தீர்கள். கண்டென்சர் மைக்குக்கு மாறினால் மட்டும் கவனம். மைக் வயர் வழியாகவே அதற்குப் போக வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை (ஃபேண்டம் பவர்) இன்டர்ஃபேஸ் அதே 5 வோல்ட்டிலிருந்துதான் ஏற்றி எடுக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் கரையும். டைனமிக் மைக்குக்கு அந்தச் சுமை இல்லை. அதன் ஒலியை ஏற்றும் கெயின் மட்டும் நிறைய வேண்டும்.

வாங்கும்போது ஒரே ஒரு வார்த்தையைத் தேடுங்கள்: கிளாஸ் கம்ப்ளையன்ட். டிரைவர் எதுவும் நிறுவாமல் செருகியதும் வேலை செய்யும் என்பதுதான் அதன் அர்த்தம். ஐபேடில் நம் இஷ்டத்துக்கு டிரைவர் போட முடியாது என்பதால் இது இல்லாத பெட்டி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வீண்.

கடைசியாக, ஹெட்போன் ஜாக்கில் செருகும் பழைய வகை மைக் அடாப்டர்களைப் பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான்கு வளைய பிளக்கில் மைக்குக்கு ஒரே ஒரு தொடர்பு, அது மோனோ. ஹெட்போன் சத்தம் அதில் கசிந்து நுழைவதும் உண்டு. அந்தக் காலம் முடிந்தது.

#10 ஆண்ட்ராய்டு ஆசாமி

எல்லோரும் ஐபேடைப் பற்றியே பேசுகிறீர்கள். பாவம், தூக்குப்பையின் ஆண்ட்ராய்டு போனையும் கவனியுங்கள்.

ஆண்ட்ராய்டில் பிரச்சினை இருந்தது உண்மைதான். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ஓடு, ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஆடியோ என்ற வழி வந்தபிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் போனுக்குப் போன் மாறும். ஒலி உள்ளே போய் வெளியே வருவதை மிகக் குறைந்த தாமதத்தில் முடிக்கும் போன்களுக்கு 'ஆடியோ புரோ' என்று ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். போனின் வசதிகளைப் பட்டியலிடும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் உங்கள் போனில் அது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

யூஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கு ஆடியோ எவல்யூஷன் மொபைல் என்ற ஆப்பைப் பாருங்கள். அது ஆண்ட்ராய்டின் வழியை நம்பாமல் தன் சொந்த யூஎஸ்பி டிரைவரை வைத்துக்கொள்கிறது, அந்த டிரைவருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் என்ற ஆப் ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டு பக்கமும் உண்டு. குபேசிஸ் 3-ம் உண்டு.

இதையெல்லாம் சொன்னாலும், கையில் ஐபேட் இருப்பவர் போனைப் பதிவுக்கு எடுக்கத் தேவையில்லை. போனில் பாட்டு வரிகளைத் திறந்து வையுங்கள், அதுவே அதற்கு நல்ல வேலை.

#11 ஒட்டுக்கேட்பவன்

ஆண்ட்ராய்டு ஆசாமியே ஆண்ட்ராய்டைக் கைவிட்ட வரலாற்றுப் பதிவு #10. சேமித்து வைத்துக்கொண்டேன்.

#12 தூக்குப்பை

பவர் பேங்க் போட்டதும் முனகல் போயே போய்விட்டது. கம்பிப்பித்தன், வாழ்க.

அடுத்து ஆப். கராஜ்பேண்ட் போதுமா, பணம் கட்டி வேறு வாங்க வேண்டுமா? மிடி கீபோர்டு பற்றியும் யாரும் சொல்லவில்லை.

#13 பஃபர்64

கராஜ்பேண்டில் ஆரம்பியுங்கள். காசும் இல்லை, 2011-லிருந்து ஐபேடில் இருக்கிறது, அடிபட்டுத் தேறியது. குரலும் கிடாரும் பதிய அதற்கு மேல் வேண்டியதில்லை. அதன் வரம்பு எது என்று கையால் உணர்ந்த பிறகு குபேசிஸுக்கோ, 2023-ல் வந்த ஐபேட் லாஜிக் புரோவுக்கோ போகலாம். லாஜிக் சந்தா முறை, அதை யோசித்துக்கொள்ளுங்கள். நிறைய சின்த் (ஒலியைத் தானே உருவாக்கும் வாத்தியம்), எஃபெக்ட் ஆப்புகளைக் குழாய் இணைப்பது மாதிரி ஒன்றோடு ஒன்று இணைக்க விரும்பினால் ஏயூஎம் இருக்கிறது. ஆனால் ஏயூஎம் பாட்டை அடுக்கும் இடம் அல்ல, மிக்ஸர் மட்டும்தான். அதை எடிட்டர் என்று நினைத்து வாங்கி முழித்தவர்கள் உண்டு, நானும்தான்.

ஒரு எச்சரிக்கை. எஃபெக்ட், சின்த் எல்லாவற்றையும், பதிவு ஆப்புக்குள்ளேயே திறக்கும் ஏயூவி3 வகையாகப் பார்த்து எடுங்கள். 2015-ல் வந்த முறை அது, பிராஜெக்டை மூடித் திறந்தால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். ஓர் ஆப்பிலிருந்து இன்னோர் ஆப்புக்கு ஒலி அனுப்பிய, அதற்கு முந்தைய இன்டர்-ஆப் ஆடியோ முறையை ஐஓஎஸ் 13-லேயே ஒதுக்கிவிட்டார்கள். அந்த முறையை நம்பிய என் பழைய பிராஜெக்டுகள் சில இன்று திறக்கின்றன, ஆனால் சத்தம் வரவில்லை. அதனால் இப்போது எந்த சின்த் டிராக்கையும் முடித்த கையோடு ஆடியோவாக மாற்றிவிடுகிறேன். ஐபேடுக்கும் சுமை குறையும்.

கீபோர்டு: 25 கட்டை உள்ள சின்னது போதும், பையின் பக்கவாட்டில் நுழையும். இங்கே புளூடூத் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மிடி என்பது ஒலி அல்ல, கட்டளை. 'இந்த ஸ்வரம், இவ்வளவு அழுத்தம்' என்று சொல்ல மூன்றே பைட் போதும். 1983-ல் வந்த பழைய மிடி வயரே வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில் அதை ஒரு மில்லி வினாடிக்குள் அனுப்பிவிடும். புளூடூத்தில் கொஞ்சம் கூடும், ஆனால் இயர்போன் அளவுக்கு இழுக்காது. வாசித்துப் பாருங்கள், விரலுக்கு உறுத்தினால் வயருக்கு மாறுங்கள்.

#14 சாரல்

கீபோர்டை வீட்டில் விடுங்கள் என்பது என் கட்சி. கராஜ்பேண்டில் ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் திரையிலேயே அந்த ஸ்வரங்கள் மட்டும் வரும், தப்பான கட்டையே கிடையாது. பேஸ் லைனுக்கு அது தாராளம். தாளத்துக்குக் கோலா சாம்ப்ளர் பாருங்கள். மேசையைத் தட்டுங்கள், சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், அதையே டிரம்ஸ் ஆக்கிவிடலாம். விடுதி அறையில் கிடைத்த சத்தங்களாலேயே ஒரு பாட்டு முழுக்கத் தாளம் போட்டேன். குளியலறைக் கதவு அருமையான கிக் டிரம்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. போன வருடம் போனில் இடம் இல்லை என்று ஒரு பதிவு ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். ஆப் வந்தது. உள்ளே இருந்த பதினொரு பாட்டும் வரவில்லை. பிராஜெக்டுகள் அந்த ஆப்பின் அறைக்குள்ளேயே இருந்திருக்கின்றன, ஆப்போடு சேர்ந்து அவையும் போய்விட்டன. ஒரு பாட்டின் பல்லவி மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது, சரணம் வரவே மாட்டேன் என்கிறது. தயவுசெய்து ஒவ்வொரு இரவும் வெளியே ஒரு நகல் எடுங்கள்.

#15 நாலுதடம்

@சாரல், படிக்கவே வலிக்கிறது.

நகல் எடுக்கும்போது பிராஜெக்டை மட்டும் எடுத்தால் போதாது. ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் வினாடியிலிருந்து தொடங்கும் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். சரணத்தில் மட்டும் வரும் புல்லாங்குழல் ஆனாலும் முன்னால் மௌனத்தோடு முழு நீளத்துக்கு எடுங்கள். எந்த ஆப்பில் போட்டாலும், பத்து வருடம் கழித்துப் போட்டாலும், எல்லாம் தானாக வரிசையில் நிற்கும். வீட்டில் மிக்ஸ் செய்யப்போகிறவருக்கு இது உயிர்நாடி.

இடக் கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 8.64 எம்பி. நான்கு நிமிடப் பாட்டு, எட்டு டிராக், சுமார் 276 எம்பி. டேக்குகள் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. சின்ன பென்டிரைவ் ஒன்று பையில் கிடக்கட்டும். உங்கள் ஐபேடின் ஃபைல்ஸ் ஆப் அதை நேரடியாகவே படிக்கும்.

24 பிட்டில் பதியும்போது ஒலி அளவைச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொட்டால் போதும். கேசட் காலத்தில் இரைச்சலுக்குப் பயந்து ஏற்றுவோம், என் கை இன்னும் அந்தப் பழக்கத்தில் போகிறது. 24 பிட்டில் அந்தப் பயம் தேவையில்லை, ஆனால் அளவு மீறி ஒலி ஒருமுறை உடைந்தது உடைந்ததுதான்.

#16 கம்பிப்பித்தன்

இதற்கு நடுவே ஒரு மாற்றுக் கருத்து. பதிவை ஐபேடில் செய்யாமல் கையடக்க ரெக்கார்டரில் செய்தால் என்ன? சூம் எச்1 எசென்ஷியல் மாதிரி 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் அளவு வைக்கும் கவலையே இல்லை. மெதுவாகப் பாடினாலும் கத்தினாலும் பிறகு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். யூஎஸ்பியில் செருகினால் அதுவே மைக்காகவும் வேலை செய்யும். ஒரு மிருதங்கத்தை அப்படி எடுத்தேன், ஓங்கி அடித்த ஒரு திடீர் 'தாம்' எந்த உடைசலும் இல்லாமல் வந்தது.

#17 பஃபர்64

வாசிப்பை அப்படியே பிடிக்க அருமை. ஆனால் இவர் கிடாரின் மேல் குரலை அடுக்குகிறவர். தனி ரெக்கார்டரில் எடுத்தால் அதன் கடிகாரமும் ஐபேடின் கடிகாரமும் மயிரிழை வேறுபடும். நீளமான டேக்கில் இரண்டும் மெல்ல விலகும். தவிர, மைக்கிலேயே சத்தம் தாங்காமல் ஒலி உடைந்தால் 32 பிட்டும் காப்பாற்றாது. இவருக்கு இன்டர்ஃபேஸ்தான்.

#18 ஆண்ட்ராய்டு ஆசாமி

ஹெட்போனைப் பற்றி ஒரு வரி: காதை முழுக்க மூடும் வகை, வயரோடு. திறந்த வகை கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் மெட்ரோனோம் 'டிக் டிக்' மைக்குக்குள் போய்விடும். அமைதியான பாட்டின் கடைசியில் கிடார் அடங்கும் இடத்தில் அந்த டிக் தனியாக நிற்கும். எடுக்கவே முடியாது. கடைசி நான்கு தாளச் சுற்றுகளுக்கு அந்த டிக்கை அணைத்துவிடுவது என் வழக்கம்.

#19 தூக்குப்பை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு பயணம், இரண்டு பாட்டு. ஒன்று முடிந்தது, இன்னொன்றுக்குச் சரணம் பாக்கி.

இப்போது பையில் இருப்பது: ஐபேட், இன்டர்ஃபேஸ், டைனமிக் மைக், சார்ஜ் துளை உள்ள ஹப், பவர் பேங்க், மூடிய ஹெட்போன், மைக் வயர் ஒன்று, கிடார் வயர் ஒன்று, பென்டிரைவ். மைக் ஸ்டாண்டு இல்லை. அலமாரியின் துணிக் கம்பியில் மைக் கிளிப்பை வைத்துக் கட்டிவிடுகிறேன், சாரல் சொன்ன இடத்திலேயே. கீபோர்டை முதல் பயணத்தில் எடுத்துப்போனேன், தொடவே இல்லை. இரண்டாவதில் எடுக்கவில்லை. சாரல் கட்சிக்கு ஓர் ஓட்டு.

டைரக்ட் மானிட்டர் போட்டுப் பாடுவது முதல் இரண்டு நாள் வெறுப்பாக இருந்தது. எதிரொலி எஃபெக்ட் இல்லாமல் என் குரல் மொட்டையாகக் கேட்டது. இப்போது பழகிவிட்டது, சுருதி விலகுவதும் உடனே காதில் படுகிறது.

ஆனாலும் ஒரு சந்தேகம். வயரோடு, இன்டர்ஃபேஸோடு பதிந்தும் குரல் துளி பின்னால் இருக்கிற மாதிரி தோன்றுகிறது. புளூடூத் அளவுக்கு இல்லை. என் பிரமையா?

#20 பஃபர்64

பிரமையா இல்லையா என்று அளந்துவிடலாம். ஆப்பில் ஒரு டிராக்கில் மெட்ரோனோம் மாதிரி 'டக் டக்' என்று கூர்மையான சத்தம் வையுங்கள். ஹெட்போனைக் கழற்றி அதன் ஒரு காதை மைக்கின் வாயோடு ஒட்டிப் பிடியுங்கள். டைரக்ட் மானிட்டரை அணைத்துவிட்டு, புது டிராக்கில் அதைப் பதியுங்கள். இப்போது இரண்டு டிராக்கையும் நன்றாகப் பெரிதாக்கி, ஒரே 'டக்'கின் தொடக்கம் இரண்டிலும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் தாமதம். ஆப் தானே ஈடுகட்டினால் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும்.

#21 தூக்குப்பை

செய்தேன். 1,152 சாம்பிள் தள்ளியிருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் அது 24 மில்லி வினாடி, சரிதானே? ஐந்து 'டக்'கும் அதே 1,152. ஒன்றுகூடப் பிசகவில்லை.

#22 பஃபர்64

சரிதான். பிரமை இல்லை, உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது. பஃபரை மாற்றினால் எண்ணும் மாறும், அதனால் எந்த பஃபரில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேக்கையும் அந்த 24-ஐ முன்னால் இழுத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

#23 தூக்குப்பை

'256 – 1152' என்று எழுதி இன்டர்ஃபேஸின் அடியில் ஒட்டியாகிவிட்டது. நாளை மறுபடி கிளம்புகிறேன். சாரல், அந்தக் குளியலறைக் கதவை எந்தக் கையால் தட்டினீர்கள், முஷ்டியா உள்ளங்கையா?

#24 சாரல்

முஷ்டி, சதைப் பக்கம். பூட்டுக்கு அருகில் தட்டாதீர்கள், கணகணவென்று ஒலிக்கும். கதவின் நடுவில், உள்ளிருந்து.